வண்டிக்குள் எடுத்த வீடியோ

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்கிற ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நான் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. திருப்பூரில் பதினோரு வருடம் குடித்தனம் நடத்திவிட்டு, கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து, இரண்டு பெட்டிகளோடு வந்திருந்தேன். அழவில்லை. அழாமல் இருக்கிறாளே என்று அக்காதான் கவலைப்பட்டாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டேன். குளி என்றால் குளித்தேன். மற்ற நேரமெல்லாம் பின்கட்டில் உட்கார்ந்து துணி காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அக்கா ஃபோனைக் கொண்டுவந்து காட்டினாள். மலைப்பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. தங்க இடமும் அங்கேயே. என் பேரில் விண்ணப்பத்தை அவளே அனுப்பிவிட்டிருந்தாள்.

"ரெண்டு நிமிசத்துக்கு வீடியோ கேக்குறாக. நீ யாருன்னு சொல்லிட்டு, ஏதாச்சும் ஒரு பாடம் நடத்திக் காட்டணுமாம். ஃபோன்ல எடுத்தாப் போதுமாம். மொகமும் கொரலும் தெளிவா இருக்கணுமாம்."

"சரி" என்றேன். அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் சரிதான்.

கூடத்து அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டில் மேல் ஃபோனைச் சாய்த்து வைத்து முதலில் எடுத்தோம். டியூப்லைட் தலைக்கு நேர்மேலே எரிந்ததால் கண் இருந்த இடத்தில் இரண்டு கரும்பள்ளங்கள். ஃபேன் சத்தம் என் குரலை அரைத்திருந்தது. ஃபேனை நிறுத்தி எடுத்தபோது ஐஸ் கம்பெனி லாரி தெருவில் நின்று ஹாரன் அடித்தது. மொட்டை மாடிக்குப் போனோம். அங்கே வெளிச்சம் நன்றாக இருந்தது, ஆனால் ஆடி மாதத்துக் கச்சான் காற்று வீசியடித்தது. போட்டுக் கேட்டால் மேல்காற்றின் இரைச்சல் மட்டும்தான். நான் வாயசைப்பது தெரிந்தது.

அக்கா ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, "சத்தத்த விடு. எழவு வீட்டுல துக்கம் சொல்றவ மாதிரில்ல இருக்க. கொஞ்சம் சிரிக்கக் கூடாதாடி?" என்றாள்.

சிரித்துப் பார்த்தேன். அதையும் அவள் எடுத்தாள். பார்த்துவிட்டு அழித்தாள்.

அத்தான் டாக்ஸி ஓட்டுகிறார். ராமேஸ்வரத்தில் யாத்திரைக்காரர்களை இறக்கிவிட்டுச் சாப்பிட வந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே எங்கள் பேச்சைக் கேட்டார். அந்த எட்டு மாதத்தில் அவரும் நானும் பேசிக்கொண்டது ரொம்பக் குறைவு. என்ன பேசுவது என்று அவருக்கும் தெரியவில்லை.

"வண்டிக்குள்ள வச்சு எடுப்போம்" என்றார். "எனக்கு ஏதும் முக்கியமான ஃபோன் வந்தா கண்ணாடிய ஏத்திட்டுத்தான் பேசுவேன். ஒரு சத்தம் உள்ள வராது."

நாலு மணிக்கு மூவரும் கிளம்பினோம். மெயின் ரோட்டிலிருந்து பிரியும் மண்பாதையில், ஒரு வேப்பமரத்து நிழலில் வண்டியை நிறுத்தினார். வெயில் முன்கண்ணாடியில் நேராக விழாதபடி இரண்டு முறை திருப்பி நிறுத்தினார். பின்சீட்டில் யாத்திரைக்காரர்கள் விட்டுப்போன ஈரத்துண்டும் தீர்த்த பாட்டில்களும் கிடந்தன. அவற்றை டிக்கியில் போட்டுவிட்டு, அக்கா கொண்டுவந்த வெள்ளைப் போர்வையை என் சீட்டுக்குப் பின்னால் கட்டினார். மேப் பார்க்க வைத்திருக்கும் பிடியில் என் ஃபோனை மாட்டப் போனவர் நின்றார்.

"லென்ஸத் தொடச்சியாம்மா?"

இல்லை. அவர் சட்டை நுனியால் துடைத்தார். உப்புக் காற்று படிந்து லென்ஸ் மங்கிப்போயிருந்தது. காலையிலிருந்து எடுத்ததெல்லாம் புகைபோல இருந்ததற்கு அதுதான் காரணம்.

நோட்டுத் தாளில் மைனஸ் மூன்று பெருக்கல் மைனஸ் இரண்டு என்று மார்க்கரில் பெரிதாக எழுதியிருந்தேன். முன்பக்க கேமராவில் அது இடவலம் மாறித் தெரிந்தது. அதனால் ஃபோனைத் திருப்பி மாட்டினோம். இனி என் முகம் எனக்குத் தெரியாது. அது வசதியாகத்தான் இருந்தது.

"யாரப் பாத்துப் பேசுறது?" என்று கேட்டேன்.

"நான் முன்னால நிக்கிறேன். ஃபோனுக்கு நேரா. என்னப் பாத்துச் சொல்லு."

கண்ணாடிகளை ஏற்றி, ஏசியையும் நிறுத்திவிட்டு இறங்கிப்போனார். கதவு சாத்தியதும் காற்று நின்றது. அக்கா எங்கோ மரத்தடியில் இருந்தாள். வண்டியின் மூக்குக்கு எதிரே அத்தான் நின்றார். காற்றில் சட்டை ஒருபக்கம் பறக்க, ஒரு கையால் தலைமுடியை அமுக்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

பேசினேன். பெயர், படிப்பு, வேலை பார்த்த வருடங்கள், பிறகு பாடம். பாதியில் ரீசார்ஜ் செய்யச் சொல்லி ஒரு பதிவுக் குரல் கூப்பிட்டு அதைக் கெடுத்தது. ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு மறுபடி பேசினேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

முடித்துக் கதவைத் திறந்தேன். "புரிஞ்சுச்சா அத்தான்?"

"எனக்கு எங்கிட்டுக் கேக்கும்? கண்ணாடி ஏத்தியிருக்குல்ல" என்றார். "நீ பேசுறப்ப ஆள் கல்லா நிக்கக் கூடாதுன்னு ஆட்டுனேன்."

போட்டுக் காட்டினேன். குரல் தெளிவாக இருந்தது. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "மைனசும் மைனசும் பெருக்குனா பிளசுன்னு எங்க வாத்தியாரும் சொன்னாரு. ஏன்னு அவரும் சொல்லல, நீயும் சொல்லல" என்றார்.

அக்கா அவரை முறைத்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. கேட்டது சரியான கேள்வி.

"நீங்க ரிவர்ஸ் எடுங்க" என்றேன். அவர் மண்பாதையில் வண்டியைப் பின்னால் எடுக்க, நான் இறங்கி நின்று அதை ஃபோனில் பிடித்தேன். பிறகு விரலால் அந்த வீடியோவைக் கடைசியிலிருந்து முதலுக்கு இழுத்துக் காட்டினேன்.

"இப்ப வண்டி எங்க போவுது?"

"முன்னால வருது."

"பின்னால போறது ஒரு மைனஸ். படத்தப் பின்னாலருந்து ஓட்டுறது இன்னொரு மைனஸ்."

அவர் என் கையிலிருந்து ஃபோனை வாங்கித் தானே இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். "அட, ஆமா" என்றார். "இதச் சொல்லும்மா. எழுதி வச்சதச் சொல்லாத, இதச் சொல்லு."

மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தேன். வேர்வை வழிந்தது. தாளை மடியிலேயே வைத்துவிட்டு, ரிவர்ஸ் எடுக்கும் டிரைவரைப் பற்றிப் பேசினேன். என்ன பேசுகிறேன் என்று இந்த முறை அவருக்குத் தெரியும், அதனால் சரியான இடத்தில் தலையாட்டினார். சிரித்தேனா என்று தெரியாது. சிரிக்கவில்லை, ஆனால் முன்னைக்கு இது தேவலை என்று அக்கா பிறகு சொன்னாள். அதையே அனுப்பினோம்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். ஆன்லைனில் ஒரு நேர்காணல். பிறகு வேலை கிடைத்தது. அக்கா அழுதாள். பக்கத்து வீட்டுக்கெல்லாம் லட்டு கொடுத்தாள். நான் பெட்டிகளை அடுக்கினேன். சந்தோஷமா என்று அவள் கேட்டபோது ஆமாம் என்று சொன்னேன். கேட்டதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டுமே. அத்தான் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டார். பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழே நின்றார். "அங்கன குளிரும்" என்றார்.

பள்ளியில் மூன்று மாதம் அதே மாதிரிதான் போனது. மணி அடித்தால் வகுப்பு, மணி அடித்தால் சாப்பாடு. பிள்ளைகள் மரியாதையாக இருந்தார்கள், நானும் ஒழுங்காக நடத்தினேன். ஒருநாள் காலையில் பக்கத்து அறை அறிவியல் டீச்சர் என் வாளியில் அவர் துணியை ஊறவைத்திருந்தார். வெந்நீர் காலையில் அரைமணி நேரம்தான் வரும், அது போய்க்கொண்டிருந்தது. நான் வராந்தாவில் நின்று கத்தினேன். இரண்டு மாடிக்குக் கேட்கிற மாதிரி. அவர் பயந்துபோய்த் துணிகளை அள்ளிக்கொண்டு ஓடினார்.

அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். கடைசியாக எப்போது இப்படிக் கத்தினேன் என்று எண்ணிப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. காது சூடாக இருந்தது. அன்றைய முதல் வகுப்புக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போனேன்.