மேட்டில் நட்ட கம்பம்

மேற்குக் கான்சாஸில் என் அண்ணன் வெர்லினைப் போல இன்னொரு பிடிவாதக்காரன் இருந்தால், அவன் மனைவி பாவம். வெர்லினுக்கு மனைவி இல்லை. அவனோடு சேர்ந்து மாடு வளர்த்து மாரடிக்கும் பாக்கியம் தம்பியான எனக்குத்தான் வாய்த்தது.

எங்கள் மேய்ச்சல் நிலத்து மேட்டில் வசந்தகால விடியலில் புல்வெளிக்கோழி என்ற காட்டுப் பறவையின் சேவல்கள் கழுத்துப் பையை உப்பிக்கொண்டு ஆடும். பெட்டைகள் சுற்றி நின்று ஜோடி பார்க்கும். வருஷத்துக்கு வருஷம் அந்தக் கூட்டம் சுருங்கியது. அண்ணனுக்கு அந்தக் கவலை வேறு.

பறவை ஆய்வுக்காரி ஒருத்தி வந்து, மேட்டோரம் இருந்த சீடார் மர வரிசையைக் காட்டினாள்.

"உயரமா எது நின்னாலும் பருந்து உட்காரும்னு கோழிக்குப் பயம். கிட்ட வராது. மரத்தை எடுத்துருங்க."

அண்ணன் குதித்தான். "மழையே இல்லாத காலத்துல எங்கப்பா வாளியில தண்ணி சுமந்து வளர்த்ததும்மா. மரம் நட்டவனத்தான் இந்த ஊர்ல மனுஷன்னு மதிப்பாங்க."

அடுத்த வசந்தத்தில் மூன்றே சேவல்கள் ஆடின. பெட்டை ஒன்றுகூட வரவில்லை. அண்ணன் ரம்பத்தை எடுத்து வரிசை முழுவதையும் வெட்டிச் சாய்த்தான். மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

பனிக்காலம் முடியும்போது பார்த்தால், வெட்டியதில் நல்ல நேரான மரத்தைச் சீவி, அப்பா பெயரைச் செதுக்கி, மேட்டின் நடுவிலேயே நட்டு வைத்திருக்கிறான்.

"என்னண்ணே இது?"

"கோழிக்காகத் தன் மரத்தையே குடுத்தவருடா. ஒரு ஞாபகம் வேணாமா?"

"கோழி படிக்குமா?"

"கிளையே இல்லாத கம்பம்டா. இது மரமா?"

"உட்கார்ற பருந்துக்குக் கிளை எதுக்குண்ணே?"

"நீ எதுல தான் குத்தம் சொல்லல."

ஏப்ரல் விடியலில் சேவலாட்டம் பார்க்க மேட்டோரம் வண்டிக்குள் காப்பியோடு உட்கார்ந்திருந்தோம். ஒரு பருந்து வந்து அப்பாவின் தலைமேல் உட்கார்வதுபோல் கம்பத்தில் உட்கார்ந்தது. அந்த மூன்று சேவல்களும் வரவில்லை. திட்டுவதற்கு நிறைய சேர்த்து வைத்திருந்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் என் காப்பியையும் அவன் கோப்பையில் ஊற்றினேன்.

அவனே இறங்கிப் போய்க் கம்பத்தில் சங்கிலியைக் கட்டினான். "வண்டியப் பின்னால எடு."

கம்பம் சாய்ந்தது. "வீட்டுக்குக் கொண்டுபோயிடலாமாண்ணே?"

"அப்பா இங்கயே படுத்திருக்கட்டும். சேவலுங்க வந்தா அவர் மேல ஏறி ஆடட்டும்."

இதுவரை ஒன்றும் வரவில்லை. தினமும் விடியுமுன் என்னை எழுப்பி மேட்டுக்கு வண்டியை எடுக்கச் சொல்கிறான். எரிச்சலாகத்தான் இருக்கிறது. எடுக்கிறேன்.