வாசலில் அப்பாவின் பூட்ஸ்

பேரனின் ஷூவுக்குப் போட பாலிஷ் டப்பாவைத் திறந்ததும், திருத்தங்கலில் இப்போது அச்சாபீஸ் குடோன் நிற்கிற இடத்தில் இருந்த எங்கள் வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது. பட்டாளத்திலிருந்த அப்பா விட்டுப்போன பழைய பூட்ஸ் எப்போதும் அங்கேதான் இருக்கும். வீட்டில் ஆம்பளை இருப்பதாகத் தெரு நினைக்கட்டும் என்பது அம்மாவின் ஏற்பாடு. பட்டாசுக் கம்பெனிக்கு நடப்பவர்கள் கிளப்பும் புழுதியைத் தினமும் துடைத்துப் பாலிஷ் போடுவது என் வேலை. நான் துடைத்தால் முகம் தெரியும்.

தீபாவளி லீவில் வந்த அப்பா, புது பூட்ஸைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார்.

“விருந்தாளி வந்திருக்காகளா மதினி?” என்று எதிர்வீட்டு அத்தை கேட்டார்.

“ஆமா, புது பூட்ஸுக்காரகதான் விருந்தாளி. லீவு முடிஞ்சா கெளம்பிருவாக. பழசுதான் இங்கன வீட்டுக்காரரு” என்றாள் அம்மா.

அப்பா என்னிடமிருந்து பாலிஷ் டப்பாவை வாங்கி, பழைய ஜோடியை முதலில் துடைத்தார்.