படித்ததையே படித்த சர்வர்

தொண்ணூறுகளில் மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனிக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த என் அறையிலிருந்து ரயிலில் போய்ச் சேரும்போதே பாதி அலுத்துப்போயிருக்கும்.

கம்பெனி கேட்டில் இரண்டு கவுண்டர்கள். ஒன்றில் பண்டமாரானிலிருந்து வரும் ஒரு பெண். எனக்கு ஒன்றிரண்டு வயது மூத்தவர், அக்கா என்றே கூப்பிடுவேன். லோரி டிரைவர் கண்டெய்னர் நம்பரைச் சொன்னதும் அவர் அதைத் தட்டி, பெட்டி எங்கே இருக்கிறதென்று பார்த்துச் சொல்ல வேண்டும். திரையில் பதில் வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். வெளியே லோரிகள் வெயிலில் வரிசை பிடித்து நிற்கும். டிரைவர்கள் அக்காவை ஏசுவார்கள். மேனேஜர் என்னை ஏசுவார்.

இரண்டு வாரம் தோண்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. பெட்டியைத் தேடுவதற்கு, பதில் தரும் மையக் கம்ப்யூட்டரான சர்வருக்கு நேரமே ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் கவுண்டரிலிருந்து வரும் கேள்வியை முதல் எழுத்திலிருந்து படித்து, பிழை பார்த்து, எப்படித் தேடலாம் என்று புதிதாக யோசிப்பதில்தான் நேரம் போனது. ஒருமுறை படித்த கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளும்படி மாற்றி எழுதினேன்.

திங்கட்கிழமை காலை அதைப் போட்டேன். வேகம் கூடவில்லை. பதினொரு மணிக்கு மெமரி நிரம்பி சர்வரே நின்றுபோனது. கவுண்டருக்கு ஓடி மன்னிப்புக் கேட்டேன். நம்பர்களைத் தாளில் எழுதிக்கொண்டிருந்த அக்கா நிமிராமலே சொன்னார்: “நான் கேக்கிறது எப்பவும் ஒரே கேள்விதான்லா. நம்பர்தான் மாறுது.”

என் தவறு அதுதான். நம்பரோடு சேர்த்தே கேள்வியைச் சேமித்திருந்தேன். அதனால் ஒவ்வொரு பெட்டியும் சர்வருக்குப் புதுக் கேள்வியாகிவிட்டது. நம்பர் வரும் இடத்தைக் காலியாக விட்டு, மீதியை ஒரே ஒருமுறை சேமிக்கும்படி திருத்தினேன். புதன்கிழமை, தட்டியதும் பதில் வந்தது. வரிசை கரைந்தது. மேனேஜர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த மாதம் ஒரு கவுண்டரை மூடிவிட்டார்கள். அங்கே இருந்தவரை கிடங்குக்கு அனுப்பினார்கள். இரண்டு வரிசைகளும் அக்காவிடம் வந்தன. நான் போய்ப் பார்த்தபோது அவர் கோபப்படவில்லை.

“முன்னெல்லாம் பதில் வர்றதுக்குள்ள கொஞ்சம் முதுகைச் சாய்ச்சுக்குவேன்,” என்றார்.

அடுத்த லோரிக்காரர் நம்பரைச் சொல்ல, அக்கா தட்டத் தொடங்கினார். மாடியில் என் அறைக்கு வந்தால் மேஜையில் மேனேஜரின் குறிப்பு: ஸ்ரீ கெம்பாங்கான் கிடங்கிலும் சிஸ்டம் மெதுவாக இருக்கிறதாம்.