அம்மாவின் அமாவாசை

மஸ்கட்டில் எங்கள் வீட்டிலிருந்து கடல் பத்து நிமிஷ நடை. வெள்ளிக்கிழமை விடுமுறை. காலைச் சாப்பாடு முடிந்ததும் நானும் கணவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அலை ஓரமாக நடப்போம். சில வாரங்களில் காரில் வெகுதூரம் போய், நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து, மூக்கு நுனி தோலுரிந்து திரும்புவோம். அன்று என்ன திதி என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. கல்கத்தாவில், பெஹாலாவில் இருந்த அப்பா அம்மாவிடம் இதைச் சொன்னதும் இல்லை.

எங்கள் வீட்டில் கடலை நினைத்த நாளில் தொடக்கூடாது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் தொடலாம், குளிக்கலாம், புண்ணியம்கூட உண்டு. மற்ற நாட்களில் தள்ளி நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். அப்பா இதைச் சிரமமே இல்லாமல் கடைப்பிடித்தார். அவருக்குக் கடல்மேல் ஆசை கிடையாது என்பதுதான் காரணம். கார்டன் ரீச்சில் துறைமுக ஆபீசில் முப்பது வருஷம், எந்தக் கப்பல் என்றைக்கு வரும் என்று பட்டியல் போட்டவர். கடல் அவருக்கு ஆபீஸ் சமாசாரம்.

அம்மாவுக்கு ஆசை இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் பிறந்து, கல்யாணமானதும் நேரே கல்கத்தாவுக்கு ரயிலேறியவள். நடுவில் ஒரே ஒரு தடவை மெரினாவில் நின்றிருக்கிறாள். அன்று சப்தமி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மஸ்கட் போன புதிதில், போனில் அரிசி விலையையும் என் சளியையும் விசாரித்துவிட்டு, கடைசியில் கடலுக்கு வருவாள். தொட்டாயா என்பாள். பார்த்ததோடு சரி என்பேன். கூசாமல் சொன்ன பொய் அது. ஒரு நாள் அவளாகவே சொன்னாள்:

"எனக்கு ஒரே ஒரு தரம் காலை நனைக்கணும்டி. அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் பொறுக்கவில்லை. வாரா வாரம் நான் மிதித்துத் திரியும் தண்ணீர் அது.

வருஷக் கடைசியில் எனக்கு மூன்று வாரம் லீவு கிடைக்கும், நான் மட்டும் கல்கத்தா வருவேன். முதல் வாரம் காளிகாட்டிலும் அதைச் சுற்றியும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போடுவதிலேயே போய்விடும். அதற்குப் பிறகு ஒரு நாள் தீகா கடற்கரை. விடிகாலை பஸ், ஐந்து மணி நேரப் பயணம், கடல், அன்றைக்கே திரும்புவது. முதல் வருஷம் நாங்கள் போனது ஏதோ ஒரு தசமியில். நானும் அப்பாவும் காய்ந்த மணலில் நடக்கப் போக, அம்மா சப்பணமிட்டு உட்கார்ந்து எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்தாள். அலை கொஞ்சம் அதிகமாக ஏறி வந்தபோது புடவையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

சரி, பௌர்ணமியில் போகலாம் என்றால், மார்கழிப் பௌர்ணமியை ஒட்டித் திருவாதிரை வந்துவிடும். களி கிண்டி, ஏழு காய்க் கூட்டு வைத்து, கட்டடத்தில் இருக்கிற வங்காளிகளுக்கெல்லாம் டப்பாவில் அனுப்ப வேண்டும். அம்மா அடுப்பை விட்டு நகர மாட்டாள். அமாவாசையில் போகலாம் என்றால், அப்பா வீட்டில் தர்ப்பணம் முடிக்கவே பதினொரு மணியாகும். ஒரு வருஷம் அதற்குப் பிறகு கிளம்பிப் பார்த்தோம். போய் இறங்கியபோது இருட்டிவிட்டது. விளக்கு வைத்த பிறகு கடலைத் தொடக்கூடாது என்று அப்பா இன்னொரு விதியை எடுத்து விட்டார். ஆக, கடலைத் தொட அனுமதி இருந்த இரண்டே நாட்களும் அம்மா வீட்டை விட்டுக் கிளம்ப முடியாத நாட்கள். யார் போட்ட சட்டம் இது என்று கத்தினேன். தான் போடவில்லை என்று அப்பா சாவதானமாகச் சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.

இப்படியே எட்டு ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு தடவை வந்தபோது, அம்மா இரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் தேய்ந்துவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கத்தி வைக்க விட மாட்டேன் என்று அடம் பிடித்தாள். அடுத்த வருஷம் இவளால் மணலில் நடக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. இந்தத் தடவை விட்டால் எப்போதும் இல்லை.

அந்த வருஷம் என் லீவு ஜனவரிக்குள்ளும் நீண்டிருந்தது. அப்பாவை அவர் வாயாலேயே மடக்கினேன். சமுத்திரக்கரையில் தர்ப்பணம் செய்தால் விசேஷம் என்று சொல்வது நீங்கள்தானே, தீகாவிலேயே செய்யுங்கள் என்றேன். அவரால் மறுக்க முடியவில்லை. சென்னையிலிருந்து தபாலில் வரும் புது வருஷக் காலண்டர் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் என்ன, போன அமாவாசையிலிருந்து எண்ணிக்கொண்டால் போயிற்று என்று அவரே எண்ணி நாள் குறித்தார். அதற்கு மறுநாள் எனக்கு விமானம்.

கிளம்பும்போது அப்பா காபிகூடக் குடிக்கவில்லை. தர்ப்பணம் முடியும்வரை பட்டினி. எள்ளும் தர்ப்பையும் பித்தளைச் சொம்பும் துணிப்பையில் இருந்தன. இன்னொரு பையில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. தீகாவில் இறங்கியதும் அவர் இடம் தேடிப் போனார். நான் அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓரடி ஓரடியாகத் தண்ணீரை நோக்கி நடத்திக்கொண்டு போனேன். அலை எங்களுக்கு இரண்டு முழம் தள்ளி வந்து திரும்பிக்கொண்டிருந்தது.

அப்போது அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். கரையில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த வங்காளிப் புரோகிதர் ஒருவர், இன்றைக்கு எதற்குத் தர்ப்பணம் என்று கேட்டுத் தன் பஞ்சாங்கத்தை விரித்துக் காட்டியிருக்கிறார். இன்றைக்குச் சதுர்த்தசி. அமாவாசை நாளைக்குத்தான். அப்பா எண்ணும்போது போன அமாவாசையையும் சேர்த்து எண்ணிவிட்டார். முப்பது வருஷம் கப்பல் நாளைப் பிசகாமல் சொன்ன மனுஷர். எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சொம்பைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார், ஆனால் அசைந்து கொடுக்கவில்லை. அம்மாவைக் கரைக்கு வரச் சொன்னார். அம்மா அவரைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். பிறகு புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டாள்.

"உங்க அமாவாசை நாளைக்கே வரட்டும். எனக்கு இன்னிக்குத்தான்."

குரலை உயர்த்தவில்லை. உப்பு குறைச்சல் என்று சொல்கிற தொனிதான். சொல்லிவிட்டு நடந்தாள்.

முதல் அலை பாதத்தை மூடியபோது என் தோளை அழுத்திப் பிடித்தாள். காலுக்கடியில் மண் ஓடுகிறதே என்றாள். எப்போதும் அப்படித்தான் ஓடும் என்று நான் அவசரத்தில் உளறிவிட்டேன். பிறகு மறைக்க என்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமைகளை எல்லாம் ஒப்புவித்தேன்.

"தெரியும். நீ பொய் சொன்னா போன்லயே தெரியறது," என்றாள் அம்மா, தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கத்தில் நாலைந்து வங்காளிப் பெண்கள் கை கோத்துக்கொண்டு அலைக்கு அலை குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, பெரியம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி, மாஷிமா வாருங்கள் என்று கையை நீட்டினாள். அம்மா என் தோளை விட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்தாள். இடுப்பளவு தண்ணீரில் அவள் உடம்பின் பாரம் முழங்காலை விட்டுப் போயிருக்க வேண்டும். மாடிப்படியில் மூன்று இடத்தில் உட்காருகிறவள் அவர்களோடு சேர்ந்து எம்பினாள். தலைக்கு மேல் ஓர் அலை வந்து புரட்டியது. கொண்டை அவிழ்ந்து, உப்பைத் துப்பிக்கொண்டு, பெரிதாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை. நானும் சந்தோஷத்தில் என்னென்னவோ கத்தினேன்.

எங்களுக்கு ஒன்றரை மணிக்குப் பஸ். நேரமாகிறதே என்று கரையேறினேன். அப்பா செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வராத அமாவாசைக்கு ஏன் பட்டினி என்று முடிவு செய்துவிட்டார் போலும், ஐந்தாவது இட்லியில் இருந்தார். பஸ் போய்விடும், அம்மாவைக் கூப்பிடுகிறேன் என்று திரும்பினேன்.

"கூப்பிடாதே," என்றார் அப்பா. "அவளா வரட்டும்."

நானும் உட்கார்ந்து ஓர் இட்லியை எடுத்துக்கொண்டேன். ஒன்றரை மணி பஸ் போய்விட்டது. அம்மா இன்னும் தண்ணீரில்தான் இருந்தாள்.