கீழ்த்தட்டில் ஒரு குளிர்காலம்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேராவது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். அதனால் அப்பாவைப் பற்றி எழுதும்போது அந்த ஃப்ரிட்ஜையும் சேர்த்து எழுதுவதில் யாருக்கும் வருத்தம் இருக்காது என்று, மூத்த மகள் என்ற உரிமையில் நினைத்துக்கொள்கிறேன்.

அப்பா பூதலூர்ப் பக்கத்தில் கூலி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாத்தா ஊரார் வயலில் ஏர் ஓட்டிப் படிக்க வைத்தார். மண்ணெண்ணெய் விளக்கில் படித்த அப்பா மின்சார அலுவலகத்தில் லைன்மேன் ஆனார். மழைக்காலம் வந்தால் அவரை வீட்டில் பார்க்க முடியாது. எங்கே கம்பி அறுந்தாலும் அங்கே நிற்பார். எங்கள் மூவரையும் படிக்க வைத்துக் கரையேற்றி, ஓய்வு பெறும் வரையில் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வெளியூர் போனதே இல்லை. நாங்கள்தான் வற்புறுத்திக் கொடைக்கானலுக்கு அனுப்பினோம்.

அங்கே ஒரு நாற்றுப்பண்ணையில் அம்மா கையை நீட்டி, “இது மாதிரி ஒண்ணு நம்ம கொல்லையில இருந்தா நல்லாருக்கும்ல” என்றாராம். அம்மா வாய்விட்டு எதையும் கேட்கிறவர் இல்லை. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே வாங்கிவிட்டார். அதுதான் ஹோஸ்டா. அகல அகலமான இலை, ஓரத்தில் வெள்ளைக் கோடு, நிழலில் மட்டுமே வளரும். அம்மா பாத்திரம் துலக்கும் இடத்தில், வெயிலே படாத பலா மரத்தடியில் அப்பா அதை வைத்தார்.

முதல் வருஷம் தளதளவென்று இருந்தது. அடுத்த வருஷம் இலை பாதியாகச் சிறுத்தது. அப்பா பண்ணைக்காரருக்குப் போன் போட்டார்.

“அது குளிர்காலத்துல இலையெல்லாம் உதுத்துட்டு மண்ணுக்குள்ள தூங்குற செடிங்க. எவ்வளவு குளிரையும் தாங்கும். குளிரே இல்லாட்டிதான் தாங்காது. உங்க ஊர்ல குளிருக்கு எங்க போவீங்க?”

“எங்க வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்குங்க” என்றார் அப்பா.

அன்றிலிருந்து கார்த்திகை பிறந்தால் அப்பா செடியைத் தோண்டி, இலையை நறுக்கி, ஈரத் தேங்காய் நாரில் வேரைச் சுற்றி, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவார். மாசிக் கடைசியில்தான் வெளியே எடுப்பார். இட்லி மாவு பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போகும்.

“கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு ஃபேன் மாத்தித் தரல. செடிக்கு ஏசி” என்று அம்மா முணுமுணுப்பார். அப்பா காதில் வாங்கமாட்டார். பங்குனியில் சுருட்டிய தளிர் தலைகாட்டினால் போதும், அம்மாவைக் கையோடு கூட்டிப் போய்க் காட்டிவிட்டுத்தான் காபியே குடிப்பார்.

ஒரு கார்த்திகையில் புயல் அடித்துக் கம்பமெல்லாம் சாய்ந்தது. செடியை உள்ளே வைத்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. அப்பாவிடம் வேலை கற்ற பையன்கள் வந்து, “அண்ணே, உங்க தெருவுக்கு மொதல்ல கரண்ட் குடுத்துடுறோம்” என்றார்கள்.

அப்பா ஃப்ரிட்ஜை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன். “மொதல்ல ஆஸ்பத்திரி. அப்பறம் தண்ணி டேங்க் மோட்டார். எங்க தெரு வர்றப்ப வரட்டும்” என்று சொல்லிவிட்டார்.

சொல்லிவிட்டு நேராக மீன்கார அந்தோணியிடம் போய் ஐஸ் கேட்டார். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரும் வரை அந்தோணி தன் மீன் பெட்டியிலிருந்து தினமும் ஐஸ் உடைத்துக் கொடுத்தார். ஃப்ரிட்ஜ் முழுக்க மத்தி வாடை. பங்குனியில் செடி துளிர்த்தபோது அம்மா குனிந்து மோந்து பார்த்து, “நல்லவேளை, மீன் முளைக்கல” என்றார்.

சென்ற மார்கழியில் நெஞ்சுவலி என்று படுத்த அப்பா எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் சமையலுக்கு ஃப்ரிட்ஜை ஒழித்த சித்தி, டப்பாவில் இருந்ததை மாங்காய் இஞ்சி என்று எண்ணி, கழுவி அரிவாள்மணையில் வைத்துவிட்டார். அதுவரை மூலையில் உட்கார்ந்து யாரோடும் பேசாத அம்மா எழுந்து ஓடி வந்தார்.

“அத வையி. அது அவங்க செடி.”

அன்றுதான் அம்மா எங்களை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். பிறகு தானே நாரை நனைத்துச் சுற்றி, கீழ்த்தட்டில் வைத்தார். பங்குனியில் தளிர் வந்ததும் எனக்குத்தான் முதல் போன்.

“ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. அன்னைக்குக் கொடைக்கானல்ல நான் காட்டுனது இந்தச் செடியவே இல்ல. பக்கத்துத் தொட்டியில செவப்பா ஒண்ணு பூத்திருந்துச்சு, அத.”

“ஏம்மா அப்பாகிட்ட சொல்லல?”

“அவ்வளவு சந்தோஷமா தூக்கிட்டு வந்தாங்க. எப்படிடி சொல்றது?”

அப்பாவின் இறுதி நேரத்தில் உடனிருந்த மருத்துவர்களுக்கும், தோள் கொடுத்த உறவுகளுக்கும், பாடை செல்லும் வழியெல்லாம் தாழ்ந்த கம்பிகளைக் கழியால் தூக்கிப் பிடித்து வந்த லைன்மேன் தம்பிகளுக்கும், ஐஸ் தந்த அந்தோணிக்கும், இன்றும் எங்கள் மாவுக்கு இடம் தரும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும், அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்த சித்திக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நினைவுநாள் படையலுக்கு வரும் அனைவரும் இருந்து, வயிறார, எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும் என்று அம்மா கேட்டுக்கொள்கிறார். எடுத்து வைக்க ஃப்ரிட்ஜில் இடமில்லை. இந்தக் கார்த்திகையிலும் கீழ்த்தட்டை அம்மா ஒழித்துக் கொடுத்துவிட்டார்.