ஐம்பத்து மூன்றாம் கட்டமும் தோல் மண்டி உப்பும்

பதினாறு வருடமாகப் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன். தனிம வரிசை அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எந்தத் தனிமம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்ட எனக்கே இந்த வருடம் ஐம்பத்து மூன்றாம் கட்டத்து அயோடின் பாடம் நடத்திவிட்டது. சொல்லும்போதே எரிச்சலாக இருக்கிறது.

தைராய்டில் கட்டி. புற்றுநோய் என்று சொல்லிச் சுரப்பியை எடுத்துவிட்டார்கள். மிச்சம் மீதி ஒட்டியிருக்கும் செல்களை எரிக்கக் கதிரியக்க அயோடின் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர். அவர் விளக்க ஆரம்பித்ததும், "தெரியும் டாக்டர், நான் கெமிஸ்ட்ரி டீச்சர்" என்று வெடுக்கென்று சொன்னேன். பயத்தில் எனக்கு வாய் நீண்டுவிடும்.

தெரியத்தான் தெரியும். அணுக்கருவில் ஐம்பத்து மூன்று புரோட்டான் இருந்தால் அது அயோடின். கூட எத்தனை நியூட்ரான் இருந்தாலும் அட்டவணையில் அதற்கு ஒரே கட்டம்தான். நாம் உப்போடு தின்னும் அயோடினில் எழுபத்து நான்கு நியூட்ரான், அந்த மருந்தில் எழுபத்தெட்டு. அந்த நாலு கூடிப்போனதால் கரு நிலைகொள்ளாமல் சிதைந்து கதிர் வீசுகிறது. ஆனால் தைராய்டு செல் கருவரைக்கும் போய்ப் பார்ப்பதில்லை. அதன் கொடுக்கல் வாங்கல் எல்லாம் வெளியே இருக்கும் எலக்ட்ரான்களோடுதான், அவை இரண்டுக்கும் ஒன்றே. அதனால் எது உப்பிலிருந்து வந்தது, எது தன்னைக் கொல்ல வந்தது என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கிவிடும்.

விழுங்க வேண்டுமென்றால் பசி இருக்க வேண்டும். அதற்காக, எடுத்த சுரப்பிக்குப் பதிலாகத் தினமும் போட்டுவந்த தைராய்டு மாத்திரையைச் சில வாரம் நிறுத்தினார்கள். கடைசி இரண்டு வாரம் அயோடின் இல்லாத சாப்பாடு. மீன், முட்டை, பால் எதுவும் கூடாது, முக்கியமாகக் கடை உப்பு கூடவே கூடாது. செல்கள் சாதா அயோடினால் வயிறு நிறைந்திருந்தால் மருந்தைச் சீண்டாது. மருந்து வீண், புற்று மிச்சம்.

எனக்கு மூன்று வயதில் மகள். மருந்து குடித்தபின் நான் சில நாள் தனியறையில் இருக்க வேண்டும், வீட்டுக்கு வந்தும் சில நாள் அவளைத் தூக்கக் கூடாது. அது முடிந்தால் போதும், பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உப்புக்காகச் சத்துவாச்சாரியில் ஏறி இறங்காத கடை இல்லை. தூளுப்பு, கல்லுப்பு, எந்தப் பாக்கெட்டைத் திருப்பினாலும் அயோடின். கடைசியில் வழி சொன்னது அக்கா வீட்டுக்காரர். மேல்விஷாரத்தில் பதப்படுத்தாத பச்சைத் தோல் மண்டியில் குடோன் சூப்பர்வைசர் அவர்.

"தோலு அழுகாம இருக்கப் போடுற உப்புல எவன்மா அயோடின் கலக்குறான்? உப்பளத்துலேர்ந்து நேரா வர்ற மூட்ட. மருந்து கிருந்து கலக்காத புது மூட்டயப் பிரிச்சு எடுத்தாறேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் கேட்டேன், அயோடின் சேர்க்காத உப்பாக இருந்தால் சரி என்றார்கள். அதைத் தண்ணீரில் கரைத்து, நாலு மடிப்புத் துணியில் வடிகட்டி, மறுபடி காய்ச்சி எடுத்தேன். பள்ளி ஆய்வகத்திலிருந்து கொஞ்சம் பொட்டாசியம் அயோடைடு கொண்டுவந்து, ஒரு கரண்டி உப்பில் அதையும் வினிகரையும் சோற்றுக் கஞ்சியையும் சொட்டினேன். கடை உப்பாக இருந்தால் அயோடின் வெளியே வந்து கஞ்சியை நீலமாக்கும். நீலம் வரவில்லை. கைதட்டிச் சிரித்தேன், பக்கத்தில் நின்ற அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அவள்தான் சமைக்க வந்திருந்தாள். மாத்திரை இல்லாத அந்த நாட்களை என் எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. முகம் வீங்கிப்போயிற்று. வேலூர் வெயிலில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆபரேஷன் ஆன தொண்டை இறுகி, ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீர் விட்டுத் தள்ள வேண்டியிருந்தது. ஒரு நாள் மகள் சட்டையைப் பிடித்து இழுத்ததற்கு முதுகில் ஓர் அடி வைத்துவிட்டேன். பிறகு இருவரும் அழுதோம். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அட்மிஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கஞ்சிக்கு உப்புப் போதாமல் நானே ஜாடியைத் திறந்தேன். நான் காய்ச்சிய உப்பு கட்டி கட்டியாக, கொஞ்சம் பழுப்பாக இருக்கும். இதுவோ மணல் மாதிரி சரிந்தது. அதே கரண்டி, அதே சொட்டுகள். கஞ்சி கருநீலமாகிவிட்டது. அடக் கடவுளே!

"அக்கா! எத்தன நாளா?"

குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தவள் கரண்டியைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "மூணாம் நாள்லேர்ந்து."

"என்னக் கொல்லப் பாக்குறியா? ஏன்க்கா?"

"கொஞ்சூண்டு உப்புதானே, அது இன்னாடி செஞ்சிரப் போவுதுன்னு நெனச்சேன். ரத்தமும் கொழுப்புமா தோலு வந்து எறங்கும், அதும்மேல வாரிப் போடுற உப்பு அது. உனக்கு எப்படிடி போட்டுக் குடுப்பேன்?"

"நான்தான் காய்ச்சி எடுத்தேனே! டெஸ்ட் பண்ணிக் காட்டினேனே!"

"நீ டீச்சரு, உனக்கு அது கணக்கு. ஆனா நீதானேடி சொன்ன? எங்க வூட்டுல சோறு உள்ள எறங்கலன்னு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு நினைவு வந்தது. அவளுக்குக் கல்யாணமான புதிது. நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். அவள் வீட்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குடோன். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளி, "இந்த நாத்தத்துல சோறு உள்ள எறங்கலக்கா" என்று சிரித்தேன். இருபது வருடமாகிறது. அதற்குப் பிறகு அவள் என்னை ஒருமுறைகூடச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வெட்கத்தில் உடம்பு கூசியது.

"சொல்லாதடி. டேட் போய்டும். மறுபடி இந்தப் பேஜாரெல்லாம் நீ தாங்க மாட்ட" என்று அழுதாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது, பொய் சொல்வானேன். ஆனால் அந்த நீலத்தைப் பார்த்தபிறகு எப்படி? மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். தேதியைத் தள்ளிவைத்தார். இன்னும் இரண்டு வாரம் மாத்திரை இல்லாமல், அயோடின் இல்லாமல் இருந்துவிட்டு, சிறுநீரைச் சோதித்தபின்தான் புதுத் தேதி.

அக்கா இனி அடுப்படிப் பக்கமே போக மாட்டேன் என்றாள். நான் பையைக் கட்டிக்கொண்டு, பிள்ளையோடு மேல்விஷாரத்தில் அவள் வீட்டுக்கே போய் உட்கார்ந்தேன். "நீதான் சமைக்கணும். அந்த உப்பு போட்டுதான்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து மருந்தும் குடித்தாயிற்று. எரிய வேண்டியது எரிந்ததா என்று சொல்லும் ஸ்கேன் இன்னும் பாக்கி. அந்தப் பயம் இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் எனக்கு மறக்காதது அந்த வீட்டின் முதல் நாள் சாப்பாடு.

சோறும் கீரைக் கடைசலும். ஜன்னல் வழியாக அதே நாற்றம். அக்கா கரண்டியைக் கையில் பிடித்தபடி எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்தாள். முதல் கவளத்தை வைத்தேன். வீங்கிய தொண்டையில் அது நின்றுவிட்டது. தண்ணீர்ச் சொம்பு பக்கத்திலேயே இருந்தது, நான் அதைத் தொடவில்லை.

"எறங்குதாடி?"

கண்ணில் நீர் முட்ட விழுங்கினேன். "எறங்குதுக்கா. இன்னும் கொஞ்சம் போடு."