குழாய்க்காரரின் ஐந்தாவது தேர்தல்

ஒன்பதாவது வார்டில் குடைக்காரர் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்துவிட்டார். நாலு தேர்தல் தோற்று, ஐந்தாவதில் ஜெயம். பள்ளிக்கூட வாசலில் யாரோ ஒரு நாற்காலியைப் போட, அதில் ஏறி நின்றார். இரும்புக்கடை நடத்துகிறவர்; ஒவ்வொரு முறையும் குடைச் சின்னத்தில் நின்று நின்று, கடைப் பெயர் போய்க் குடையே பெயராகிவிட்டது.

"எல்லாரும் கேக்குறாங்க, அந்த ஒத்த ஓட்டு யாரோடதுன்னு. நான் சொல்றேன். அது நம்ம குழாய்க்காரன் ஓட்டு. மேல இருந்துக்கிட்டே போட்டிருக்கான்!"

கூட்டம் மூக்கை உறிஞ்சியது. ஓரமாக நின்றிருந்த குழாய்க்காரரின் மனைவி மட்டும் கூட்டத்தை விட்டு விலகி நடந்தாள். செத்து மூன்று வருஷமான தன் கணவரின் பெயர் இன்னும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதை அடிக்க வேண்டியவளே அவள்தான்.

நகராட்சி அலுவலகத்தில் இருபத்து மூன்று வருஷமாக எழுத்தர் வேலை. வருஷா வருஷம் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். புதிதாக வந்தவர்களைச் சேர்ப்பாள். இறந்தவர் இருந்தால் நீக்கல் படிவத்தில் வீட்டார் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெயரின் மேல் சிவப்பில் ஒரு கோடு இழுப்பாள். வார்டில் அவளுக்குச் 'சிவப்புப் பேனா' என்றே பெயர். "சிவப்புப் பேனா வருது, தாத்தாவை எழுப்பி நிமிர்த்தி உக்கார வைங்க" என்று வாசலிலேயே கிண்டல் செய்வார்கள். அவளும் சிரிப்பாள். வேலை என்று வந்துவிட்டால் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அழுதுகொண்டே "இந்த வருஷம் மட்டும் இருக்கட்டுமே" என்று கெஞ்சிய ஒரு விதவையிடம், "பட்டியல் என்ன போட்டோ ஆல்பமாம்மா?" என்று கேட்டவள்.

அப்படிக் கேட்டவள், தன் வீட்டுக் கதவு எண்ணுக்கு வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிட்டாள். முதல் வருஷம் படிவத்தைக் கைப்பையில் வைத்தாள். இரண்டாவது வருஷமும் அது கைப்பையில்தான் இருந்தது, மடித்த இடத்தில் கிழிய ஆரம்பித்திருந்தது. எழுத்தரே அவள் என்பதால், படிவத்தில் மகன்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவனிடம் அதை நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

குழாய்க்காரருக்கு வார்டுதான் உலகம். ஒழுகுகிற குழாய்க்கு அடியில் மல்லாந்து படுத்தபடியே குடைக்காரருக்கு ஓட்டுக் கேட்பார். பதில் வராமல் தண்ணீரைத் திறந்துவிட மாட்டார். முதல் தேர்தலில் குடைக்காரர் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார். அடுத்ததில் தொண்ணூற்றேழு. மூன்றாவதற்கு முன்னால் வார்டு எல்லையை மாற்றி வரைந்து, ரயில் பாதையை ஒட்டிய இரண்டு தெருக்களைப் பத்தாவது வார்டில் தள்ளினார்கள். ஐந்து வருஷம் அவர் குழாய் மாட்டி மாட்டிச் சேர்த்த தெருக்கள். "மாட்டின குழாயை எல்லாம் கழட்டிட்டு வந்துடவா?" என்று அலுவலகத்தில் வந்து சண்டை போட்டார். அந்த முறை முப்பத்தொன்று. நாலாவதில் ஆறே ஆறு. மூன்று நாள் தெருத்தெருவாக அலைந்து, ஓட்டுப் போட வராமல் போன அந்த ஆறு பேரையும் குழாய்க்காரர் கண்டுபிடித்தார்: பல்வலிக்காரர் ஒருவர், அன்று பார்த்துச் சண்டை போட்டுக்கொண்ட தம்பதி, கண்ணாடியைத் தொலைத்த தையல்காரர், தூங்கிப்போன அண்ணன் தம்பி. எல்லாத் தடவையும் ஜெயித்த மருந்துக்கடைக்காரர் அதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தாராம். இரண்டு வருஷம் கழித்து மாரடைப்பு வந்து குழாய்க்காரர் போய்விட்டார்.

ஓட்டு எண்ணிக்கைக்கு மறுநாள் சாவடிகளிலிருந்து கையெழுத்துப் பதிவேடுகள் அலுவலகத்துக்கு வந்தன. எந்தத் தெருவில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று கணக்கெழுதுவதும் அவள் பாடுதான். தேர்தல் நாளில் அவளுக்குப் பணி வேறு சாவடியில். தன் தெருவில் நடந்தது எதுவும் தெரியாது. பதிவேட்டைத் திறந்து விரலால் தேடிக்கொண்டே போனாள். அவள் தெரு. அவள் கதவு எண். கணவரின் பெயர்.

எதிரே கையெழுத்து இருந்தது.

அது அவருடைய கையெழுத்தேதான். கடைசி எழுத்தைக் குழாய் மாதிரி வளைத்து இறக்கி, அடியில் ஒரு புள்ளி. "சொட்டு இல்லாத குழாய் ஏது?" என்பார். அந்தப் புள்ளியைப் பார்த்ததும் ஒரு கணம் அவளுக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. அதை நினைத்து நினைத்துப் பின்னால் வெட்கப்பட்டாள். அடுத்த கணம் உட்கார முடியவில்லை. தண்ணீர் குடித்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். அந்தக் கையெழுத்தைச் சொட்டோடு போடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் இல்லை.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறினாள். பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாள். ஒரே ஓட்டு. அது கள்ள ஓட்டு. அதை எடுத்துவிட்டால் இரண்டு பேரும் சமம். இருபது வருஷம் கணவர் செருப்புத் தேய நடந்து, கடைசியில் வந்த ஜெயம், தன் சோம்பலாலும் மகனின் கையாலும் பொய்யாகிப்போனதா? சொன்னால் குடைக்காரரின் பதவி போகும், மகனைப் பிடிப்பார்கள். சொல்லாவிட்டால் இனி எந்த முகத்தோடு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது?

மகன் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். கண்ணில் பூதக்கண்ணாடியோடு நிமிர்ந்தவன், அம்மா நின்ற நிலையைப் பார்த்ததும் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"அப்பா ஓட்டை நீயா போட்டே?"

"ஆமா." மறுக்கவே இல்லை. "அன்னிக்கு என் சட்டையை எடுக்க வீட்டுக்கு வந்தேன். அலமாரியில பேப்பருக்கு அடியில அப்பா பேருக்கு வந்த பூத் சிலிப் இருந்துச்சு. சாப்பாட்டு நேரம். முகவருங்க பொட்டலத்தைப் பிரிச்சுட்டிருந்தாங்க. அதிகாரி வெளியூர்க்காரர். கையெழுத்துப் போடுன்னார், போட்டேன்."

"அறிவிருக்காடா உனக்கு? அவர் கையெழுத்தை நீ எப்படிப் போடலாம்?"

"போட்டுக்கோன்னு அவர்தானே சொன்னார்?" குரல் சட்டென்று உயர்ந்தது. "ரிப்போர்ட் கார்டைத் தூக்கிட்டு அவர் பின்னாடியே தெருத்தெருவா ஓடியிருக்கேன். 'நேரமில்லடா, நீயே போட்டுக்கோ'ன்னார். நாலாம் வகுப்புல ஆரம்பிச்சது. பள்ளிக்கூடம் முடியிற வரைக்கும் நான்தான் போட்டேன். அவர் குடை பின்னாடி போயிட்டார், எனக்குக் கிடைச்சது அந்தக் கையெழுத்து மட்டும்தான்."

அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அந்தக் கார்டுகளில் சொட்டு கொஞ்சம் பெரிதாக இருப்பதை அப்போதே பார்த்திருக்கிறாள். பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டாள். பட்டியலில் பக்கத்தைப் புரட்டிய மாதிரியேதான் அதுவும்.

"அவருக்குப் பிடிக்குமேன்னு குடைக்குப் போட்டியாக்கும்" என்றாள் மெல்ல.

மகன் தலையைக் குனிந்துகொண்டான். "குடைக்குப் போடலாம்னுதான் போனேன்மா. உள்ள போய்ச் சீட்டைப் பிரிச்சுக் குடைப் படத்தைப் பாத்ததும் எனக்கு என்னவோ ஆயிடுச்சு. மருந்துக்கடைக்குக் குத்திட்டேன்."

அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் குடைக்காரர் ஜெயித்தது இரண்டு ஓட்டில். சுத்தமான ஜெயம். அதை யாரிடம் போய்ச் சொல்வது? பெட்டியில் விழுந்த சீட்டு பேசாது. மகன் சொல்வதை நம்பலாம்; தன்னைத் தேற்றச் சொல்கிறானோ என்றும் தோன்றியது. இனி ஆயுசுக்கும் இந்த அரிப்பு போகாது என்று அந்த முக்காலியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கைப்பையைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்தாள். மடிப்பில் ஒட்டு நாடா போட்டு ஒட்டினாள். பெயர், கதவு எண், இறந்த தேதி எல்லாவற்றையும் அங்கேயே எழுதினாள். 'தாமதத்துக்குக் காரணம்' என்ற இடத்தில், 'என் தவறு. இந்தப் பெயரில் இத்தேர்தலில் ஓட்டு விழுந்திருக்கிறது' என்று எழுதினாள்.

மகன் எட்டிப் பார்த்துப் பதறினான். "அம்மா, யார் போட்டதுன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லுவேன். பக்கத்துல நீயும் நிக்கணும்."

"குடைக்காரர் பதவி போயிடுமே. அப்பா எவ்வளவு ஆசைப்பட்டார்!"

"போனா மறுபடி நிப்பார். நிக்கிறது அவருக்கென்ன புதுசா?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்; சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது. "ஒழுகுதுன்னு தெரிஞ்சும் மேல பூசிட்டுப் போற ஆள் இல்லடா உங்கப்பா."

படிவத்தைத் திருப்பி அவன் பக்கம் நகர்த்தினாள். கீழே, இறந்தவரின் வாரிசு கையெழுத்திட வேண்டிய இடம் காலியாக இருந்தது. மகன் பேனாவை எடுத்தான். இவ்வளவு வருஷப் பழக்கம், கை தானாக வளைந்து இறங்கப் போனது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவரோடது வேண்டாம். உன் கையெழுத்தைப் போடு."

அவன் பேனாவைச் சரியாகப் பிடித்துக்கொண்டான். பிறகு, நாலாம் வகுப்புப் பையன் மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினான்.